முனியாண்டிக்குக் கொடுத்த பங்கு

அர்ச்சுனன் குடியை விட்டது அது நாலாவது தடவை. முதல் மூன்று தடவைகளையும் மோகனாவிடம் கேட்டால் விரல் விட்டுச் சொல்லுவாள். மகள் ஷாமினி பிறந்தபோது பதினொரு நாள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருந்தபோது நாற்பத்தெட்டு நாள்; காவடி தூக்கிய தோளில் வலிகூட ஆறவில்லை, அதற்குள் பாட்டிலைத் திறந்துவிட்டான். ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தபோது ஒரு மாசமும் ரெண்டு நாளும். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்? இருபத்துமூன்று வருஷத்து விடியல்களைப் பார்த்தவள் அவள்.

ஆனால் இந்தத் தடவை ஒரு வீடு வந்து குறுக்கே நின்றது.

ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் தோட்டத்து ஆபீஸ் கிராணி முகுந்தன் ஒரு கட்டுக் காகிதத்தோடு தொழிலாளர் லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினான். லிங்கி ஆற்றை ஒட்டிய அந்தச் செம்பனைத் தோட்டத்தை விற்றாகிவிட்டது. வருஷக் கடைசியில் லயத்தை இடிக்கப்போகிறார்கள். குடியிருக்கிற தொழிலாளர்களுக்கு ரெம்பாவ் போகிற சாலையில் மலிவு வீடு உண்டு. செப்டம்பர் முப்பதுக்குள் மூவாயிரம் வெள்ளி முன்பணம் கட்டினால் பட்டியலில் பேர் இருக்கும். மீதியை மாசாமாசம் கட்டிக்கொள்ளலாம்.

“கட்டலைன்னா?” என்று கேட்டாள் மோகனா.

“கட்டலைன்னா நீங்களா ஒரு எடம் பாத்துக்கணும்லா, அக்கா. நான் என்னா செய்யறது? என் வேலையும்தான் போவுது” என்று சொல்லிவிட்டு முகுந்தன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

மோகனா அதே லயத்தில் பிறந்தவள். அவளுக்கு வேறு இடம் கிடையாது. அண்ணன் தம்பி வீடு என்று போய் நிற்கவும் ஆள் இல்லை. பள்ளிக்கூடக் கேன்டீனில் தட்டுக் கழுவி அவள் கொண்டுவரும் சம்பளம் அரிசிக்கும் விளக்குக் காசுக்கும் சரி. அர்ச்சுனன் செம்பனைக் குலை வெட்டிச் சம்பாதிப்பதில் மோட்டார் சைக்கிள் தவணை போக, சிரம்பானில் படிக்கிற ஷாமினிக்கு அனுப்பியது போக, மிச்சம் எங்கே போகிறது என்பது ஊருக்கே தெரியும். தினம் ஒரு தட்டைப் பாட்டில் சம்சுச் சாராயம், பத்து வெள்ளி. ஒரு பெட்டி கள்ள சிகரெட், ஆறு வெள்ளி.

அந்த நோட்டீஸின் பின்பக்கத்திலேயே அவள் கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்குப் பதினாறு. ஒரு வாரத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு. மாசத்துக்கு நானூற்று எண்பது. ஏழு மாசம் பிடித்தால் மூவாயிரத்துக்கு மேலேயே வருகிறது. ஜனங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீடு வாங்குகிறார்கள். இவர்கள் வயிற்றைக்கூடக் கட்ட வேண்டாம், வாயைக் கட்டினால் போதும். அதுவும் ஒரே ஒரு வாயை. அட, இதைவிடச் சுலபமாக யாருக்காவது வீடு கிடைத்திருக்கிறதா!

காகிதத்தை அவன் முன்னால் வைத்தாள். அர்ச்சுனன் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தான்.

“இவ்ளோவா குடிச்சிருக்கேன்?” என்றான்.

“இது ஏழு மாசத்துக்குத்தான். இருபத்துமூணு வருஷத்துக்குப் போடட்டுமா?”

“வேணாம் புள்ள” என்றான். ஒரு சின்னப்பிள்ளை போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்த வெள்ளிக்கிழமையே முனியாண்டி கோயிலுக்குப் போனார்கள். தோட்டத்தின் மூன்றாம் டிவிஷன் எல்லையில், பெரிய தெம்புசு மரத்தடியில், தகரக் கூரை போட்ட கோயில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குப் பூஜை. பூசாரி ஹேமநாதன் மற்ற நாள்களில் போர்ட் டிக்சனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் காவலாளி. பரம சாது. இனிப்பு நீர்க்காரன். குடியைக் கண்டால் பத்தடி தள்ளி நடக்கிறவன், காப்பிகூடச் சீனி போடாமல் குடிக்கிறவன். ஆனால் சாமி இறங்கிவிட்டால் அவன் வேறு ஆள். முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும்தானே படையல்! சுருட்டு ஒரு கையில் புகையும், பாட்டில் மறு கையில் கவிழும். சாமி மலையேறியதும் அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது.

அர்ச்சுனன் சாமியின் காலில் விழுந்தான்.

“ஐயா, இந்தக் குடியிலேர்ந்து என்னைக் காப்பாத்துங்கய்யா.”

சாமி சுருட்டை இழுத்துப் புகையை விட்டது. “காப்பாத்துறேன். எனக்கு என்னடா தருவே?”

இப்படி ஒரு கேள்வி வரும் என்று மடையனுக்குத் தெரியாதா? மற்றவர்கள் வீட்டிலேயே யோசித்துக்கொண்டு வருவார்கள். பொங்கல் வைக்கிறேன் என்பார்கள், சேவல் அறுக்கிறேன் என்பார்கள், கெட்டிக்காரர்கள் ஒரு எலுமிச்சை மாலையோடு முடித்துக்கொள்வார்கள். இவன் எதையும் யோசிக்காமல் வந்தவன். தடுமாறினான். பிறகு இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்:

“நான் குடிக்கிற பங்கை உங்களுக்கே குடுத்துடுறேன்யா!”

நின்றிருந்த நாலைந்து பேரும் ‘ஆகா’ என்றார்கள். சாமி அவன் நெற்றியில் திருநீறு அப்பியது. மோகனாவுக்கு உடம்பு சிலிர்த்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்னால் எத்தனையோ நாள் அந்தச் சிலிர்ப்பை நினைத்துத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், அவன் நிஜமாகவே விட்டுவிட்டான். முதல் நாலு நாள் கையும் காலும் வெடவெடவென்று நடுங்கின. பாயெல்லாம் வேர்வை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று இல்லாத எறும்பைக் காட்டினான். மோகனா கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். அஞ்சாம் நாள் எழுந்து ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். சிகரெட்டையும் அதோடு விட்டான். ரெண்டாவது வாரம் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் தானாகவே பழுதுபார்த்தான். மூன்றாவது வாரம் பாசாரிலிருந்து வரும்போது அவளுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்தான். இந்த வயசில் என்ன பூ என்று திட்டிக்கொண்டே வைத்துக்கொண்டாள். அவன் மேல் சோப்பு வாசனை அடித்தது. கல்யாணம் ஆன புதிதில்கூட அவள் அறியாத வாசனை அது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறோமே என்று பயமாகவும் இருந்தது.

“எப்படிங்க முடியுது?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“அஞ்சு மணி ஆனா வாய் ஊறும் புள்ள. நெஞ்சு இழுக்கும். அப்ப, இது என் பங்கு இல்ல, ஐயா பங்குன்னு சொல்லிக்குவேன். அடுத்தவன் சோத்துல கை வெப்பமா? அவ்ளோதான். அடங்கிடும்.”

அவள் தினமும் பதினாறு வெள்ளியை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் அதிலிருந்து பன்னிரண்டு வெள்ளியை அவன் எடுப்பான். ஐயாவுக்கு ஒரு தட்டைப் பாட்டில், ரெண்டு சுருட்டு. வாரத்துக்கு நூறு மிச்சம். எட்டு வாரத்தில் எண்ணூறு சேர்ந்தது. போகட்டும், சாமிக்குப் பன்னிரண்டு வெள்ளி என்ன பெரிய காசு என்றுதான் அவளும் நினைத்தாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது ஏப்ரல் மாசத்தில்.

அந்த வெள்ளிக்கிழமை அர்ச்சுனன் பாட்டிலை நீட்டியதும் சாமி அதைக் காலால் எட்டி உதைத்தது. பாட்டில் உருண்டு சூலத்தில் போய் முட்டியது.

“டேய்! தெனம் ஒண்ணு குடிச்சவன் நீ. எனக்கு வாரத்துக்கு ஒண்ணா? ஒன் பங்கைத் தர்றேன்னு சொன்னியா, பிச்சை போடறேன்னு சொன்னியா?”

அர்ச்சுனன் மண்டியிட்டான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். அடுத்த வாரத்திலிருந்து ஏழு பாட்டில், ஏழு சுருட்டு. எழுபத்தேழு வெள்ளி. பிஸ்கட் டின்னில் வாரத்துக்கு நூறு விழுந்த இடத்தில் முப்பத்தைந்து விழுந்தது.

ஏழு பாட்டிலையும் சாமி தனியாகவே குடிக்குமா? ரெண்டு பாட்டில் சாமிக்கு, மீதி ஐந்து பிரசாதம். அடடா, அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்கு வந்த பக்தியைப் பார்க்க வேண்டுமே! ஆண்டுக்கு ஒரு தடவை திருவிழாவுக்குத் தலைகாட்டியவனெல்லாம் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே குளித்து, திருநீறு பூசி, வரிசையில் நின்றான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து மோட்டாரில் வந்தார்கள். “ஒன்னால ஊருக்கே நல்ல புத்தி வந்துச்சு, அர்ச்சுனா” என்று ஏப்பம் விட்டுக்கொண்டே அவன் முதுகில் தட்டினார்கள். அர்ச்சுனன் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கைகட்டி உட்கார்ந்திருப்பான். சொம்பு அவனைத் தாண்டி அடுத்த ஆளிடம் போகும். தன் பங்கைத் தானே தானம் கொடுத்தவனுக்கு அதில் ஒரு சொட்டுக்கூட ஆகாது.

ஏழு பாட்டிலை மோட்டார்க் கூடையில் வைத்துக் கோயிலுக்கு நாலு மைல் தனியாக ஓட்டிப் போவான். ஒரு மூடிகூடத் திறந்திருக்காது. அதை நினைத்தால் மோகனாவுக்கு அவன் மேல் மதிப்பு வரும். டின்னைத் திறந்து பார்த்தால் வயிறு எரியும். எந்தப் பக்கம் போவாள் அவள்?

“ஏழை மூணாக் கொறைங்களேன்” என்று கெஞ்சிப் பார்த்தாள். “ஐயா கோச்சுக்க மாட்டாரு.”

அர்ச்சுனன் வேகமாகத் தலையை ஆட்டினான். “ஒனக்குப் புரியல மோகனா. ஒரு பாட்டில் கொறைஞ்சாலும், அந்த ஒண்ணு என்னைத் தேடிக்கிட்டு வரும்.”

பாட்டிலை நிறுத்தினால் அவன் குடிப்பான். பாட்டிலை நிறுத்தாவிட்டால் வீடு போகும். தினமும் தட்டுக் கழுவும்போது இதையே திருப்பித் திருப்பி யோசித்தாள். தட்டுகள் தீர்ந்தன, யோசனை தீரவில்லை.

ஆகஸ்ட் பாதியில் டின்னில் ஆயிரத்து நானூற்று முப்பது வெள்ளி இருந்தது. மிச்சம் ஆறு வாரம். ஐயாவுக்குக் கொடுப்பது நின்றால் ஆறு வாரத்தில் அறுநூற்று எழுபத்திரண்டு சேரும். காதுத் தோட்டை அடகு வைத்தால் தொள்ளாயிரம் தருவதாக அடகுக்கடைக்காரன் சொல்லியிருந்தான். எல்லாம் கூட்டினால் மூவாயிரத்து இரண்டு. ரெண்டே ரெண்டு வெள்ளி கூட! நிற்காவிட்டால் தோடு போயும் நானூற்று அறுபது குறையும்; தாலிக்கொடி எப்போதோ அடகில் மூழ்கிப்போனது.

அந்தச் சமயத்தில்தான் பூசாரியின் மனைவி செல்லம் கேன்டீன் பின்வாசலில் வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம்.

“அக்கா, உங்க கால்ல வேணா விழறேன். உங்க வீட்டுக்காரரைப் பாட்டில் கொண்டாற வேணாம்னு சொல்லுங்க.”

“என்ன செல்லம், என்ன ஆச்சு?”

“அவருக்கு இனிப்பு நீர் இருவதுக்கு மேல ஏறிப்போச்சு, பத்துக்குள்ள இருக்கணுமாம். கால் விரல் ஒண்ணு கறுத்துக் கெடக்கு. கிளினிக்ல டாக்டரு, ‘அங்கிள், நீங்க குடிக்கிறீங்களா’ன்னு கேக்குது. இவரு, ‘சத்தியமா இல்ல டாக்டர், என் வாயில பட்டதே இல்ல’ங்கிறாரு. பொய் சொல்லல அக்கா. அவருக்குத் தெரியாது. சாமி குடிச்சிட்டுப் போயிடுது. சனிக்கெழமை பூரா கட்டையாட்டம் கெடக்கிறது என் புருஷன்தானே!” மூக்கைச் சிந்தினாள். “உங்க வீட்டுக்காரர் விட்டதை எங்க வீட்டுக்காரர் குடிக்கிறாரு அக்கா.”

மோகனா ஈரக் கையோடு அவளைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு ஒரு வீடு வேண்டும் என்று கேட்டதில் இன்னொருத்தியின் வீடு இடிந்துகொண்டிருக்கிறது. இது என்ன நியாயம்?

அன்றைக்கே சாயங்காலம் ஹேமநாதனைப் பார்க்கப் போனாள். அவன் காலைத் துணியால் சுற்றி ஸ்டூலின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காவலாளிச் சட்டை கொடியில் காய்ந்தது.

“தம்பி, அந்த வாக்கை மாத்திக்க முடியாதா? பொங்கல் வெச்சிடறேன். வருஷா வருஷம் வெக்கறேன்.”

“எனக்கு மட்டும் ஆசையா அக்கா? சனிக்கெழமை எந்திரிச்சா வாய் நாறுது, தலை வெடிக்குது. என்ன பேசினேன், என்ன குடிச்சேன், ஒண்ணும் தெரியல. நான் இன்னைக்கே விட்டுடுவேன். ஆனா நீங்க குடுத்த வாக்கு என்கிட்ட இல்லையே. சாமிகிட்டயே கேளுங்க. வெள்ளிக்கெழமை வந்து வாயைத் தொறந்து கேட்டுடுங்க. எனக்காகவும் சேத்து.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கையெடுத்துக் கும்பிடாத குறையாக விட்டுவிடத் தயார், சாமியைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் எலுமிச்சை மாலை கட்டி, சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டாள். அர்ச்சுனன் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணாமலே உட்கார்ந்திருந்தான். கூடையில் ஏழு பாட்டில்.

“வேணாம் மோகனா” என்றான்.

“என்ன வேணாம்?”

“கேக்க வேணாம். இருக்கிறபடி இருக்கட்டும். எனக்குப் பயமா இருக்கு.”

“ஒங்களுக்கு வீடு வேணுமா, வேணாமா? ஆறு வாரம்தாங்க இருக்கு. அப்புறம் நடுரோட்டுலயா நிக்கறது? அந்தச் செல்லத்தோட மூஞ்சியைப் பாத்தீங்களா நீங்க?”

“பாத்தேன்” என்றான். “ஆனா வேணாம். ஒன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், இதைக் கிண்டாதே.”

அவள் கேட்கவில்லை. இருபத்துமூன்று வருஷத்தில் அவன் அவளிடம் குடிக்கக் காசு கேட்டுக் கெஞ்சியிருக்கிறான், சண்டை வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறான். இப்படிக் கெஞ்சியதில்லை. வித்தியாசம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மனசு முழுக்க அந்த மூவாயிரத்து இரண்டுதான் நின்றது. “கிளப்புங்க வண்டியை” என்றாள்.

கோயிலில் இருபது இருபத்தைந்து பேர் கூடியிருந்தார்கள். வெயில் இன்னும் செம்பனை ஓலைகளின் மேல் கிடந்தது. உடுக்கை அடிக்க ஆரம்பித்ததும் ஹேமநாதன் கண் சொருகி ஆடினான். துணி சுற்றிய காலைத் தரையில் ஓங்கி ஓங்கி மிதித்தான். மிதித்த இடமெல்லாம் ஈரமாயிற்று. செல்லம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றாள்.

சாமி பாட்டிலுக்குக் கையை நீட்டியபோது மோகனா முன்னால் போய் விழுந்தாள்.

“ஐயா, ஒரு வரம் கேட்டு வந்தேன். எம் புருஷன் தெரியாம வாக்குக் குடுத்துட்டாரு. அந்தப் பங்கைக் கேக்காதீங்க. எங்களை விட்டுடுங்க. குடியிருக்க ஒரு வீடு வேணும்யா. அந்த வீட்டுல வருஷா வருஷம் பொங்கல் வெச்சுக் கடா வெட்டறேன்.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பின்னே? வெள்ளிக்கிழமைப் பக்தியில் கைவைத்தால் சும்மா இருப்பார்களா? “வாக்கு வாக்குதான்லா” என்றான் ஒருத்தன். “சாமிகிட்டயே பேரம் பேசறியா?” என்றான் இன்னொருத்தன்.

சாமி கையைத் தூக்கியதும் அடங்கினார்கள். அது அர்ச்சுனனைப் பார்த்தது.

“நீ என்னடா சொல்றே?”

அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டான். பெண்டாட்டியைக் கூட்டத்துக்கு நடுவில் விட்டுக்கொடுக்கவும் மனசில்லை, சாமியிடம் ஆமாம் என்று சொல்லவும் தைரியமில்லை.

சாமி மோகனாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. கோபமே இல்லை. தகப்பன் மகளைப் பார்க்கிற பார்வை.

“நீ நல்லவ. அழுது கேட்டுட்டே. சரி, விட்டேன். இனிமே ஒன் புருஷன் பங்கு எனக்கு வேணாம்.”

மோகனாவுக்குக் காதையே நம்ப முடியவில்லை. ஐயா, ஐயா என்று அரற்றிக்கொண்டே தரையில் நெற்றியை வைத்தாள். செல்லம் ஓடிவந்து அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள். ரெண்டு பேரும் அழுதார்கள். அந்த ஒரு நிமிஷம், ரெம்பாவ் சாலையில் ஒரு வீட்டின் வாசல் மோகனாவின் கண்ணுக்குத் தெரிந்தது. அதில் அர்ச்சுனன் சட்டையில்லாமல் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுகூடத் தெரிந்தது.

அவள் திரும்பிப் பார்த்தபோது சாமி பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. பித்தளைச் சொம்பில் சம்சு கொட்டியது. விளிம்பு வரை நிரம்பியது. சாமி அதை வாயில் வைக்கவில்லை. ரெண்டு கையாலும் ஏந்தி அர்ச்சுனனுக்கு முன்னால் நீட்டியது.

“இந்தா. எனக்குச் சொந்தமில்லாததை நான் வெச்சிருக்கக் கூடாது. ஒன் பங்கை நீயே எடுத்துக்க.”

சாமி தன் கையால் எடுத்துக் கொடுப்பது எல்லோருக்கும் கிடைக்கிற பாக்கியமா? தலைமுறைக்கு ஒருத்தனுக்குக் கிடைத்தால் பெரிது. பின்னால் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“ஐயா, அது வேணாம்யா! நான் அதைக் கேக்கலைய்யா!” என்று கத்திக்கொண்டே மோகனா முன்னால் போனாள். யாரோ ஒருத்தர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். “சும்மா இரும்மா. நீ கேட்டதைத்தானே குடுத்துச்சு? குடுக்கறப்ப வேணாம்பியா? குடும்பம் வெளங்குமா?”

அர்ச்சுனன் அவளைப் பார்த்தான். கை நீட்டவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். நீ சொல்லு, நீ சொன்னால் நான் வாங்கவில்லை என்கிற பார்வை அது. சாமியை எதிர்த்து நிற்கிற தெம்பை அவன் அவளிடம் கடன் கேட்டான்.

வாங்காதே என்று ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதுதான் வரம் கொடுத்த சாமி அது. வேண்டாம் என்று தட்டிவிட்டால் கோபம் யார் தலையில் இறங்கும்? சிரம்பானில் தனியாக இருக்கிற ஷாமினியின் முகம் வந்து நின்றது. அவள் கை அவளைக் கேட்காமலே குவிந்தது. சாமியை நோக்கித்தான் குவித்தாள். அர்ச்சுனன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான்.

சொம்பை வாங்கியபோது அவன் கை நடுங்கியது. சாராயம் விரல்களில் தளும்பி வழிந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டான். குடித்தான். நிறுத்தாமல், மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். சொம்பைத் திருப்பிக் கொடுத்தபோது கை நடுங்கவில்லை.

மிச்ச ஆறு பாட்டிலையும் சாமி அவன் கூடையிலேயே வைக்கச் சொல்லிவிட்டது. வண்டியை அவன் ஓட்டக் கூடாது என்று மோகனாவே தள்ளிக்கொண்டு வந்தாள். நாலு மைலும் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அவன் பின்னால் நடந்து வந்தான். பொங்கல் தூக்கை யாரும் திறக்கவேயில்லை.

ஆறு பாட்டில் புதன்கிழமை வரைகூட வரவில்லை. திங்கட்கிழமைக்கே தீர்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஹேமநாதன் நொண்டிக்கொண்டே வாசலில் வந்து நின்றான். முகம் தெளிந்திருந்தது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“அக்கா, அன்னிக்குச் சாமி வாயிலயே வெக்கலையாமே. செல்லம் சொன்னா. சனிக்கெழமை எனக்குத் தலைவலியே இல்ல. வேலைக்குப் போயிட்டேன். நேத்து டெஸ்ட் பண்ணப்ப இனிப்பு நீரும் எறங்கியிருக்கு.” சிரித்தான். “உங்க புண்ணியம். அண்ணனை விட்டுடுச்சுதானே சாமி?”

செல்லம் முழுக்கச் சொல்லவில்லை போலிருக்கிறது. பாவம், அவளுக்கும் சொல்ல வாய் வந்திருக்காது. மோகனா அந்த மனுஷனின் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். இவனைத் திட்ட முடியுமா? இவன் என்ன செய்தான்?

“விட்டுடுச்சு தம்பி” என்றாள். பழத்தை வாங்கிக்கொண்டாள்.

அவன் தெருமுனை திரும்பியதும் அர்ச்சுனன் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலைக்குப் போகவில்லை. ரெண்டு நாள் தாடி. அவன் மேல் சோப்பு வாசனை இல்லை.

“ஒரு பத்து வெள்ளி குடு புள்ள.”

அவள் பழச் சீப்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஐயா திருப்பிக் குடுத்தது. தள்ளினா சாபமாயிடும்.” அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். அவளும் அவனும் அதை எந்த அளவு நம்பினார்கள் என்று கேட்டால் ரெண்டு பேருக்குமே பதில் தெரியாது. “அஞ்சு மணி வரைக்கும்கூடத் தாங்க மாட்டேங்குது மோகனா. முன்ன சொல்லிக்க ஒரு வார்த்தை இருந்துச்சு. இப்ப அது யாரோட பங்குன்னு சொல்லிக்கறது?”

அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? சாமியிடம் போனால், நீ கேட்டாய், நான் கொடுத்தேன் என்று சொல்லும். கிராணியிடம் போனால் செப்டம்பர் முப்பது என்று சொல்லுவான்.

“நான் வேணாம்னுதானே சொன்னேன்” என்றான் அர்ச்சுனன்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பாள். அவன் அழுதுகொண்டிருந்தான். மோகனா உள்ளே போய் பிஸ்கட் டின்னைத் திறந்தாள். பத்து வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்து வந்து, அவன் விரல்களை விரித்து, உள்ளங்கையில் வைத்து மூடினாள்.